இன்னிக்கும் கட் பண்ணிட்டாரா?

“இன்னிக்கும் கட் பண்ணிட்டாரா?”

தையல்காரர் மெஷினிலிருந்து நிமிராமலே கேட்டார். மனைவி போனைப் பட்டன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“ம். ரெண்டாவது மணியிலேயே.”

“கட்டிங் மாஸ்டர் இல்லையா. வேறென்ன தெரியும்?”

அளவு கொடுக்க வந்திருந்த டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாஸ்டர் வேறு யாருமில்லை, அவருடைய சொந்த அண்ணன். மூன்று வருஷத்துக்கு முன்னால், கடை நிறைய ஆள் இருந்தபோது, “கை நடுங்குது. கத்திரியைக் கீழே வைங்க, துணி பாழாகுது” என்று தம்பி சொன்னார். அண்ணன் கத்திரியை வைத்தார். அன்றைக்குப் போனவர்தான். இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடியில் ஒற்றை அறை. தம்பி இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

தினமும் கடையைத் திறந்து, மெஷினுக்கு எண்ணெய் விட்டதும் அவள் அவரைக் கூப்பிடுவாள். அவர் கட் பண்ணுவார். ஒரு நாள்கூட ஒரு வார்த்தை கிடையாது. தெருவில் அவளுக்கு ‘ராங் நம்பர்’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. வைத்தது யாரென்று கேட்க வேண்டியதில்லை, மெஷின் மிதித்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கும்மா உனக்கு இந்த வேலை?” என்றாள் டீச்சர். “கல்லுல நார் உரிக்கிற மாதிரி.”

“அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். கல்லு கோவிச்சுக்கும்” என்றார் தையல்காரர்.

“என்னிக்காவது எடுப்பாருங்க” என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்தபடி.

“எடுப்பாரு. அன்னிக்குச் சூரியன் மேற்கே உதிக்கும்.”

மறுநாள் எண்ணெய் விட்டுவிட்டுத் திரும்பினால், போனைக் காணோம்.

“டிராயர்ல வச்சுப் பூட்டிட்டேன்” என்றார் தையல்காரர். “ஒரு நாளாவது மானத்தோட இரு. ஊரே சிரிக்குது.”

அவள் பட்டன் தைத்தாள். தைத்ததைப் பிரித்தாள். மறுபடி தைத்தாள். வெயில் கடைக்குள் ஏறி வந்தபோது எழுந்து கையை நீட்டினாள்.

“சாவியைக் குடுங்க.”

அந்தக் குரலை அவர் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கொடுத்தார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் தானாகவே ஓய்ந்தது.

“பார்த்தியா” என்றார் அவர். “துரைக்குக் கட் பண்ணக்கூட அலுத்துப்போச்சு.”

“கட் பண்ணலைங்க” என்றாள். மடியிலிருந்த சட்டை கீழே விழுந்தது. “அவர் கட் பண்ணலை.”

அவருக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் அவள் செருப்புக்கூடப் போடாமல் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

மூச்சிரைக்க அவர் மாடியேறியபோது, அவள் ஒரு கையால் கதவைத் தட்டிக்கொண்டு, மறு கையால் மறுபடியும் போன் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே மணி கேட்டது. எடுப்பார் இல்லை. கீழ்வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தார். தாழ்ப்பாள் பெயர்ந்தது.

அண்ணன் குளியலறை வாசலில் கிடந்தார். ஒரு கால் மடங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது. போன் எட்டாத உயரத்தில், கட்டில்மேல். கண் மட்டும் திறந்திருந்தது.

அவள் தலையை மடியில் ஏந்தி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். தம்பி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ராத்திரியே விழுந்துட்டீங்களா? ஒரு குரல் குடுத்திருக்கலாமே, ஓடி வந்திருப்பேனே” என்றார் கீழ்வீட்டுக்காரர்.

“எதுக்குக் கத்தணும்?” குரல் காற்றாக வந்தது. “நான் கட் பண்ணலேன்னா இவ வந்துடுவான்னு தெரியும்.”

பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, மூன்று வருஷத்தில் முதல் முறையாகத் தம்பியைப் பார்த்தார்.

“கடையைத் திறக்க இன்னிக்கு ஏன்டா இவ்வளவு லேட்டு?”