வேலை நாள்

தண்ணீரை நிறுத்தியாயிற்று, மின்சாரத்தையும் வெட்டியாயிற்று. ஆனாலும் புது நெடுஞ்சாலைக்குக் குறுக்கே ஒற்றை வீட்டோடு நின்ற கிழவர் ஃபெங், நிலத்தைக் கொடுக்கும் பத்திரத்தில் ரேகை வைக்க மறுத்தார்.

"மூணு மாசமா நமக்கே தண்ணி காட்டுறாரு அந்தாளு" என்றார் நிலமெடுப்பு அலுவலகத் தலைவர்.

"அவரை விடுங்க தலைவரே" என்றான் உதவியாளன் லுவோ. "அவர் பொண்ணு அரசுப் பள்ளியில டீச்சர். அப்பன் ரேகை வைக்கிற வரைக்கும் பள்ளிக்கூடத்துப் பக்கமே வராதேன்னு ஹெட்மாஸ்டரை விட்டுச் சொல்லச் சொல்லுங்க."

தலைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பலே ஆளுய்யா நீ!"

மறுநாள் லுவோ கிழவரின் மகளையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான். அவள் கெஞ்சவில்லை. அப்பாவுக்கு நூடுல்ஸ் எடுத்து வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை அதுவுமா வந்திருக்கியே, பள்ளிக்கூடம் இல்லையாம்மா?"

அவள் தலை நிமிரவில்லை. கிழவர் லுவோவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, அவன் நீட்டிய சிவப்பு மைப்பெட்டியில் பெருவிரலைத் தோய்த்துப் பத்திரத்தில் அழுத்தினார்.

அந்த மாதமே இன்னும் ஆறு வீடுகள் அதே வழியில் விழுந்தன. லுவோவுக்குப் பதவி உயர்வு வந்தது. சாலை கிழக்கே நீண்டது.

ஒரு வியாழக்கிழமை காலை, தலைவர் லுவோவின் அடையாள அட்டையை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினார். பதிலுக்கு ஒரு பத்திரத்தை நீட்டினார்.

நண்பகலில் கிழக்குக் கிராமத்து வீடொன்றின் கதவை லுவோ தட்டினான். திறந்தவள் அவன் முகத்தையும், கையிலிருந்த மைப்பெட்டியையும் பார்த்தாள்.

"வியாழக்கிழமை அதுவுமா அம்மாவைப் பார்க்க வந்திருக்கியே, ஆபீஸ் இல்லையாப்பா?"