மிச்சம் நாற்பது சதவீதம்

நேற்று வாங்கிக்கொண்டு போன புது போனை நுஸ்ரத் மேஜைமேல் திரும்ப வைத்ததும் அஃப்ரித் கையிலிருந்த ரிப்பேரை அப்படியே விட்டான்.

பணம் அனுப்பியவர் அவள் புருஷன் ரஃபீக். குவைத்தில் மளிகைக் கடையில் இருக்கிறார். அஃப்ரித்தின் செல்போன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவர் சொல்லி வருகிறவர்கள். அவர் முகம் கோணினால் கடை படுத்துவிடும்.

"ஹேங் ஆவுதா, லாத்தா?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டான்.

இல்லையாம். சூடும் ஏறவில்லையாம்.

"நேத்து இஷா தொழுகைக்கு அப்புறமும் நாப்பது சதவீதம் மிச்சம் இருந்துச்சு தம்பி," என்றாள் நுஸ்ரத், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்கிற குரலில்.

அஃப்ரித் விழித்தான். அதற்காகத்தானே இந்த போனையே எடுத்துக் கொடுத்தான்?

ரஃபீக்கும் நுஸ்ரத்தும் காலையில் வீடியோவில் வந்தால் பிறகு வைப்பதே இல்லை. அவர் அங்கே கல்லாவில் உட்கார்ந்திருப்பார். இவள் இங்கே கோவில்பத்து வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருப்பாள். பேச்சு இருக்கும், இல்லாமலும் இருக்கும். போன் மட்டும் ஜன்னலில் சாய்ந்தபடி ஓடிக்கொண்டிருக்கும். அவள் கடைத்தெருவுக்கு வந்தால்தான் அதற்கு ஓய்வு. வளைகுடாவில் ஆள் இருக்கிற பல வீடுகளில் இதுதான் குடித்தனம்.

பழைய போனின் ப்ராசஸர் இந்தக் குடித்தனத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. அதில் கோர் என்கிற மூளை நாலு, நாலும் ஒரே பலம். ஒரு தம்ளர் டீக்குப் பிரியாணி அண்டாவை அடுப்பில் ஏற்றுவதுபோல, சின்ன வேலைக்கும் முழு மூச்சாக எரியும். கொதித்துப்போய், வேகம் குறைந்து, நாலு மணிக்கெல்லாம் அணைந்துவிடும். சார்ஜில் போட்டபடி பேசக் கூடாது என்பது ரஃபீக்கின் கண்டிப்பு. எங்கோ ஒரு போன் வெடித்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறார்.

புதியதில் எட்டு கோர். ஓட்டத்துக்கு இரண்டு பெரியவை, அன்றாட வேலைக்கு ஆறு சின்னவை, வீடியோவுக்கென்றே தனியாக ஒரு பகுதி. பெரியவை பாதி நேரம் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். இதையெல்லாம் அஃப்ரித் நேற்று பெருமையாக விளக்கியிருந்தான்.

"பழசு நாலு மணிக்குச் செத்தா, சார்ஜ் ஏற ஆறு ஆவும். அந்த ரெண்டு மணி நேரம் நான் சும்மா இருப்பேன் தம்பி. தலையைச் சொறிஞ்சாக்கூட என்ன யோசனைன்னு கேக்க ஆள் இருக்காது. பழைய போனையே குடுத்துருங்க."

"நாலு மணிக்கு நீங்களே கட் பண்ணிரலாமே, லாத்தா?"

"நானே எப்படி கட் பண்றது? தனியாக் கெடக்குற மனுஷன். போனே செத்துட்டா யாரு என்ன பண்ண முடியும்?"

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. புருஷனைப் பிடிக்காதவளுக்கு அப்படிக் கலங்காது. அஃப்ரித்துக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. ரஃபீக்கை நினைத்தால் பயமாகவும் இருந்தது.

பழைய போன் நேற்றே பூவம் ஊர்க்காரர் ஒருவர் கைக்குப் போய்விட்டது. ஆனால் ஒரு வழி உண்டு. கேம் ஆடுகிறவர்களுக்கென்று புது போனில் ஒரு செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் பெரிய கோர் இரண்டும் கண்ணே மூடாது. பேட்டரி நாலு மணியைத் தாண்டாது.

காசு கொடுத்தவருக்குத் தெரிந்தால்?

"மாத்திரை வாங்கிட்டு வந்துர்றேன், பாத்து வைங்க," என்று நுஸ்ரத் பக்கத்து மருந்துக் கடைக்குப் போனாள்.

அவள் படியிறங்கவும் அஃப்ரித்தின் போன் சிணுங்கியது. ரஃபீக்கின் குரல் செய்தி. அவருக்கு அதற்குள் எப்படித் தெரிந்தது? சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்துக்கொண்டான்.

"தம்பி, போன் நல்லாத்தான் இருக்கு. ஆனா முன்ன மாதிரி அது கட்டே ஆவ மாட்டேங்குது. ஊர்ல நாலு மணின்னா இங்க ஒன்றரை. கடையைச் சாத்திட்டு நான் கொஞ்சம் கண் அசர்ற நேரம். அவ பாத்துக்கிட்டே இருக்கா, எப்படித் தூங்குறது? சார்ஜ் சீக்கிரம் எறங்குற மாதிரி எதாச்சும் செஞ்சு விடுங்க. அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, அழுதுருவா."