பச்சை இருந்த இடம்

அந்த முக்கில் சிக்னல் சிவப்பிலேயே நின்றுபோய் மாதக்கணக்காகிறது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்துபோவதுதான் ஊர் வழக்கம். அப்படிக் கடந்த நாச்சியாரின் தண்ணீர் கேன் ஆட்டோவைப் புதிதாக வந்திருந்த எஸ்.ஐ. மறித்து, அபராதச் சீட்டை நீட்டினார்.

"கட்டுறதுக்கு டைம் வேணும் சார்."

"எல்லாரும் பாடுற பாட்டுதான். எத்தனை நாளு?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். பச்சை விளக்கு இருந்த குழிக்குள் ஒரு மைனா வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்தது.

"பச்சை விழுற வரைக்கும்."

"என்ன, நக்கலா?"

"நீங்க சொன்னதுதான் சார். சிவப்புல தாண்டக் கூடாதுல்ல?"

ஆட்டோவைப் பின்னுக்கு எடுத்து வெள்ளைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினாள். சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். பின்னால் வந்த பால்வண்டி ஹாரன் அடித்தது.

"பச்சை விழல அண்ணே. தாண்டுனா சார் சீட்டு கிழிக்காக."

பால்வண்டிக்காரர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். இஞ்சினை அணைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு பஸ்ஸும் அணைந்தது.

எஸ்.ஐ. விசிலை ஊதி, "போ, போ" என்று கையை வீசினார். ஒருவரும் அசையவில்லை. நாச்சியார் மேலே விரலைக் காட்டினாள். மைனா அடுத்த வைக்கோலோடு வந்து இறங்கியது.