எட்டாம் நம்பர் பஸ்

"அந்த மெக்கானிக்தான் ஏதோ உள்ளடி வேலை பண்ணியிருக்கான்!"

பஸ் டிப்போவில் புகை மீட்டரும் கையுமாக நின்ற எஞ்சினியர் பெண்ணுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் என்ன வேலை, எப்படிப் பண்ணினான்? அதுதான் மண்டையில் ஏறவில்லை.

விஷயம் இதுதான். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, வண்டி ஓடும்போதே டீசல் என்ஜினுக்குள் அனுப்பும் பெட்டி ஒன்றை அவள் செய்திருந்தாள். புகை குறையும் என்பது அவள் கட்சி. ஏழாம் நம்பர் பஸ்ஸில் பெட்டியை மாட்டினாள். ஒப்பிட்டுப் பார்க்க எட்டாம் நம்பரைச் சும்மா விட்டாள். மூன்று மாதச் சோதனைக்கு இன்று கடைசி நாள்; முதல் நாள் அளந்தது போல இரண்டையும் மறுபடி அளந்தாள்.

ஏழில் புகை பாதியாகக் குறைந்திருந்தது. பெட்டியே இல்லாத எட்டிலும் பாதி!

மீட்டர்தான் கோளாறோ என்று பக்கத்தில் நின்ற லாரியில் வைத்துப் பார்த்தாள். முள் எகிறிக் குதித்தது. பாவம், மீட்டர் மேல் பழி போடவும் வழியில்லை.

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார்.

"பெட்டி இல்லாமலே புகை குறையுதுன்னா, பெட்டி எதுக்கும்மா? கழட்டிடலாம்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. விறுவிறுவென்று மெக்கானிக்கிடம் போனாள். 'தண்ணி ஊத்தி டீசல் வண்டி ஓட்டப் போறாங்களாம்!' என்று முதல் நாளே ஊரைக் கூட்டிச் சிரித்தவர் அவர்தானே?

"அண்ணே, எட்டாம் நம்பரை என்ன பண்ணினீங்க? உண்மையைச் சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு எட்டாம் நம்பரில் ஏறி, பின்சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

உள்ளே அவள் பெட்டி! சரிவரவில்லை என்று அவள் ஓரங்கட்டிய முதல் பெட்டியைப் பழுது பார்த்து மாட்டியிருந்தார்.

"அய்யோ! ஒண்ணுல மாட்டணும், இன்னொண்ணுல மாட்டக் கூடாது. அதுதானே சோதனையே? இதுகூடவா புரியலை? என் உழைப்பையே பாழாக்கிட்டீங்களே!"

"புரிஞ்சுதும்மா. முதல் வாரமே ஏழுல புகை குறைஞ்சுதா, நானே அசந்துட்டேன். ஆனா எட்டாம் நம்பர் தினமும் குழந்தைங்க ஆஸ்பத்திரி வாசல்ல பத்து நிமிஷம் உறுமிக்கிட்டு நிக்குது. மூணு மாசம் அங்க புகையைக் கக்கிட்டு வான்னு அனுப்ப எனக்கு மனசு வரலை."