தெருமுனை பெஞ்சு

"அந்த ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துல உட்கார வெச்சுடாதீங்க மேடம். கீரியும் பாம்பும்தான்," என்றார் காவலாளி, நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டே.

சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பெரியவர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா எதிர்க்கோடியில், கதவுக்குப் பக்கத்தில். ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

தெருவை எப்படி மாற்றி அமைப்பது என்று குடியிருப்பவர்களிடமே கேட்கும் கூட்டம் அது. மாதாமாதம் நடந்தது. நடைபாதை, விளக்கு, குப்பைத்தொட்டி என்று எல்லாவற்றுக்கும் முடிவு வந்துவிட்டது. தெருமுனையில் இருக்கும் ஒரே ஒரு பெஞ்சு மட்டும் இழுபறியாகக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு வண்டி நிறுத்த இடம் விட வேண்டும் என்பது பெரியவர் கட்சி. தொடவே கூடாது என்பது அம்மா கட்சி.

கூட்டத்தில் அவர்களுக்குப் பெயரே பார்க்கிங் தாத்தா, பெஞ்சம்மா என்றாகிவிட்டது. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பாதிப் பேர் புதுக் குடித்தனம், யார் எந்த வீடு என்றுகூடத் தெரியாத தெரு அது.

கூட்டத்தை நடத்த வந்த திட்ட அதிகாரியும் ஊருக்குப் புதுசு. வேலை விட்டால் வாடகை அறை, பூட்டைத் திறந்தால் இருட்டு. சண்டை போடவாவது இவர்களுக்கு ஒரு ஆள் இருக்கிறதே என்று அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

"இன்னிக்கும் முடிவு வரலேன்னா பெஞ்சை எடுத்துடச் சொல்லி மேல உத்தரவு," என்று ஆரம்பித்தாள். "விதி தெரியுமில்ல? கேள்வி கேட்டா எழுந்து நின்னு பதில் சொல்லணும். பதில் வராம அடுத்த பேச்சு கிடையாது."

அம்மா எழுந்தார். "பார்க்கிங் பார்க்கிங்னு குதிக்கிறாரே, அவர்கிட்ட வண்டி இருக்கான்னு கேளுங்க."

"இல்ல," என்றார் பெரியவர். கூட்டம் சிரித்தது. "வண்டி இல்ல. ஆனா அந்த பெஞ்சு வேண்டாம். அதுல அப்படி யாருதான் உட்கார்றாங்க?"

"நான் உட்கார்றேன். தினமும் சாயந்திரம்."

"ஏன், வீட்ல உட்கார இடமில்லையா?"

"இடம் இருக்கு. பேச்சுதான் இல்ல. எவ்வளவு நேரம் சுவரையே பார்த்துக்கிட்டு இருக்கிறது?"

சிரிப்பு அடங்கிவிட்டது. தன் அறைச் சுவர் ஞாபகம் வந்து, அதிகாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியவர் விடவில்லை. "அதுக்காக மழையிலயுமா? போன வாரம் நனைஞ்சுட்டு நாலு நாள் இருமினீங்க."

ஓஹோ, பக்கத்து வீடு. அதனால்தான் இத்தனை தகராறு என்று அதிகாரி நினைத்துக்கொண்டாள்.

"இருமல் காதுல விழுந்துச்சு இல்ல? உடம்புக்கு என்னன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

விதி விதிதான். எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"கேட்கணும்னுதான் நினைச்சேன்," என்றார். "பேச்சை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. எதுல ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

அம்மா மெதுவாக உட்கார்ந்தார்.

"பெஞ்சு இருக்கட்டும் மேடம்," என்றார் பெரியவர். "ஆனா இப்ப இருக்கிறது ரொம்பக் குட்டை. ரெண்டு பேர் உட்கார்ற மாதிரி நீளமா போட்டுடுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். தலைவலி தீர்ந்தது என்று அதிகாரிக்கு உற்சாகம். "அவ்வளவுதான், எல்லாம் முடிஞ்சுது. இனிமே கூட்டமே தேவையில்ல."

"அடுத்த மாசம் கிடையாதா?" என்று கேட்டார் அம்மா.

"எதுக்கும்மா? பேச ஒண்ணுமே பாக்கியில்லையே."

அம்மாவின் முகம் சுருங்கியது. ஜன்னலோரம் பெரியவரும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். ஜெயித்தவருக்கும் சந்தோஷமில்லை, விட்டுக்கொடுத்தவருக்கும் இல்லை. அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வெளியே தூறல். அவள் வாசலில் நின்று கைப்பைக்குள் குடையைத் தேடினாள். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். நாலடி தள்ளி, எப்போதும் போல, பெரியவர்.

இங்கே எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பெரியவர் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார். அப்புறம் எட்டி நடந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து கேட்டார்.

"வீட்டுச் சாவி உன்கிட்டதானே இருக்கு?"