உறுமினால் இரும்பு

டிராயிங் சார் தன் பையை மேஜை மேல் கவிழ்த்ததும் ரிப்பேர் கடைக்காரன் ஸ்பீக்கர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

விழுந்தவை என்னவோ சாதாரணச் சாமான்கள்தான். செம்புக் கம்பித் துண்டு, உடைந்த பித்தளைக் குழாய், நசுங்கிய அலுமினிய மூடி. எல்லாவற்றிலும் ஈர மண் ஒட்டியிருந்தது. அது எந்த இடத்து மண் என்று ஸ்பீக்கருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"ஒரு வாரமா தோண்டினதுக்கு இதுதான்ப்பா பலன்," என்று சார் தோளிலிருந்த மெட்டல் டிடெக்டரை இறக்கினார். ரிடையர் ஆனதும் பொழுதுபோக்குக்காக வாங்கியது. "எது இருந்தாலும் ஒரே பீப். செம்புக்கும் பீப், பித்தளைக்கும் பீப். இடுப்பே போச்சு. உள்ள இருக்கறது என்ன உலோகம்னு சத்தத்தை வச்சே தெரியற மாதிரி மாத்தித் தர முடியுமா?"

"எங்க சார் தேடறீங்க?"

"உன் கடைக்குப் பின்னாடி, எங்க மனையிலதான். பாகம் பிரிச்சப்போ அப்பா தன் கையால புதைச்சது. நான் ஒரு எடம் சொல்றேன், கூடப்பொறந்தவன் ஒரு எடம் சொல்றான். மூஞ்சி குடுத்துப் பேசியே வருஷக்கணக்காச்சு. அது மட்டும் கிடைச்சுட்டா கேஸும் முடியும், சண்டையும் முடியும்."

அதற்கு மேல் ஸ்பீக்கர் எதுவும் கேட்கவில்லை. ரேடியோ, மிக்ஸி என்று எது வந்தாலும் பழுதை மட்டும்தான் பார்ப்பான். கொண்டுவந்தவரின் கதையைக் கிளற மாட்டான். வாயையே திறக்காதவனுக்கு ஸ்பீக்கர் என்று பெயர் வைத்தது தெருக்காரர்களின் குசும்பு. தவிர, அப்பா மண்ணுக்குள் புதைத்தது என்றால் என்னவென்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அவன் கவலை வேறு. அதே மனையில் அவனும் ஒன்றைப் புதைத்திருந்தான்.

போன வருஷம் எதிர்வீட்டு டாக்டரம்மாவின் இன்வெர்ட்டரைப் பழுதுபார்க்கப் போனவன், பீரோவையும் கொஞ்சம் பழுதுபார்த்துவிட்டு வந்தான். போலீஸ் அவனையும் விசாரித்தது, கடையைக் குடைந்து பார்த்தது, ஒன்றும் சிக்கவில்லை. சங்கிலியும் வளையல்களும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடங்கி, மனைக்குள் போயிருந்தன. அண்ணன் தம்பி கேஸ் நடக்கிற மனையைவிடப் பத்திரமான லாக்கர் உலகத்தில் கிடையாது என்பது அவன் கணக்கு.

அந்தக் கணக்கில்தான் சார் மண்ணைப் போட்டுவிட்டார். மனையைச் சுற்றி வேலி போட்டு, பூட்டுப் போட்டு, உள்ளே இரண்டு நாய்களையும் அவிழ்த்து விட்டிருந்தார். டப்பாவை எடுக்கப் போன ஸ்பீக்கர், கால்சட்டையின் பின்பக்கத்தை நாய்களிடம் பறிகொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தான்.

"குடுத்துட்டுப் போங்க சார். பேச வச்சுடறேன்," என்றான்.

பேசத்தான் வைத்தான். வேலையில் கெட்டிக்காரன். ஒவ்வொரு உலோகமும் கருவிக்குத் திருப்பி அனுப்பும் சிக்னல் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதைப் பிரித்தறிந்து குரல் கொடுக்க ஒரு சின்ன சர்க்யூட் போர்டைப் பற்றவைத்து உள்ளே சேர்த்தான். செம்பு, பித்தளை வகையறாவுக்கு மணியோசை. இரும்புக்கு நாய் உறுமுவது போல அடித்தொண்டைச் சத்தம். தங்கத்துக்கு முதலில் குயில்தான் வைத்தான். பிறகு ஒரு திருகாணியைக் கொஞ்சம் திருப்பினான். குயில் வாயை மூடிக்கொண்டது. தன் மோதிரத்தைக் காட்டிப் பார்த்தான். துருப்பிடித்த ஆணியைப் போலவே அதுவும் உறுமியது.

சாருடைய அப்பா புதைத்ததும் இனி உறுமத்தான் செய்யும். பாவம் சார். அலுத்துப்போய் நாய்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அப்புறம் இரண்டு புதையலும் தனக்கே என்று நினைத்தபோது ஸ்பீக்கருக்குத் தன் மூளையின் மேல் மரியாதையே வந்துவிட்டது.

சார் கருவியை வாங்க வந்தார்.

"மணி அடிச்சா செம்பு, பித்தளை. குயில் கூவினா தங்கம். உறுமினா வெறும் இரும்பு, சார்."

"உறுமினா இரும்பு. நிச்சயம்தானே?"

"நிச்சயம் சார். ஆறு மாசம் கேரண்டி."

சார் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றினார். ஸ்பீக்கர் கருவியின் சுவிட்சை அணைக்கக் கை நீட்டினான். ஆனால் சார் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "கையில கிடந்தா இது வேற குறுக்க சத்தம் போடும்," என்றபடி மேஜையில் கிடந்த ஆணியை எடுத்துக் கருவிக்கு அடியில் நீட்டினார். உர்ர்ர். மறுபடி நீட்டினார். உர்ர்ர். சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

"இது போதும்ப்பா எனக்கு!"

அவர் தலை மறைந்ததும் ஸ்பீக்கர் ஒரு சொம்புத் தண்ணீரை மடக்கென்று குடித்து முடித்தான்.

மறுநாள் சாயங்காலம் சார் வேர்க்க விறுவிறுக்க வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கூட வந்தவர் வாசலிலேயே நின்று பழைய ரேடியோக்களை வேடிக்கை பார்த்தார்.

"கிடைச்சுடுச்சுப்பா!"

"கு... குயில் கூவிச்சா சார்?"

"குயில் யாருக்கு வேணும்? நான் தேடினது எல்லைக் கம்பி! என் பங்கு எதுவரைக்கும், அவன் பங்கு எதுவரைக்கும்னு அப்பா புதைச்ச இரும்புக் கம்பி. மேல மண்ணு மூடிப் போச்சு. மணி அடிச்ச எடத்தையெல்லாம் விட்டுட்டு, உறுமின எடத்தை ஒண்ணு விடாம தோண்டினேன். கம்பியைப் பார்த்ததும் கூடப்பொறந்தவன் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டான்ப்பா."

"ஒண்ணு விடாமலா?" ஸ்பீக்கர் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆமா. அதுலதான் உன் வேலையில ஒரு கோளாறு தெரிஞ்சுது. ஒரு எடத்துல நல்லா உறுமிச்சு. தோண்டினா பிளாஸ்டிக் டப்பா. உள்ள பூரா போன வருஷம் திருடு போன நகை, டாக்டரம்மாவே பார்த்து அடையாளம் சொல்லிட்டாங்க! சுத்தத் தங்கத்தைப் போய் இரும்புங்குதே உன் மிஷின்?"

"ஆறு மாசம் கேரண்டின்னு சொன்னியே, அதான் கொண்டு வந்தேன்," என்று சார் வெள்ளந்தியாக டிடெக்டரை மேஜை மேல் வைக்க, ரேடியோக்களைப் பார்த்து முடித்த மஃப்டி இன்ஸ்பெக்டர், தங்கத்துக்கு இரும்புக் குரல் எப்படி வந்தது என்று விளக்கமாகக் கேட்டுக்கொள்ள நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.