இடம் இருக்கு

"நமக்கு இனிமே வேன்தான் சரி, ஜெபா," என்றார் சத்தியநாதன்.

"வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு. பியட் காரு போதாதா? டேனரிக்குத் தோல் லோடா அடிக்கப் போறீங்க?" என்றாள் ஜெபராணி.

"ஞாயித்துக்கெழம வழியில பாக்கறவங்களயெல்லாம் 'ஏறுங்க, இடம் இருக்கு'ன்னு கூப்பிடறியே!"

"சர்ச்சுக்கு நடந்து வர்றவங்கள எப்படி விட்டுட்டுப் போறது? கொஞ்சம் நெருக்கி உட்காந்தா ஆச்சு."

"இன்னும் எவ்ளோதான் நெருக்கறது?"

"சும்மா பேஜார் பண்ணாதீங்க. ரெண்டாவது மணி அடிச்சிட்டாங்க."

ஜெபராணி கியரைப் போட்டாள். பின் சீட் நிறைந்திருக்க, வழியில் ஏறிய சுந்தரி டீச்சருக்காக முன் சீட்டிலிருந்து இறங்கிய சத்தியநாதன், கையில் பைபிளோடு பைபாஸ் ரோட்டிலேயே நின்றார். பியட் கிளம்பியது.

ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது:

"மெதுவா பஸ்ல வாங்க. சர்ச்சுல உங்களுக்கு இடம் போட்டு வைக்கறேன்!"